கோப்பையைக் காட்டினீர்கள், கோப்பைக் காட்டுங்கள்

பழம்பொருள் வாங்கும் அருங்காட்சியகங்களின் கொள்முதல் குழுக்களுக்கும், ஏல நிறுவனங்களுக்கும், பழம்பொருள் வணிகர்களுக்கும், ஈராயிரம் வருடத்துக் கிண்ணத்தை வரவேற்பறை அலமாரியில் வைத்து விளக்குப் போட்டிருக்கும் சேகரிப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

அருங்காட்சியகத்துக்குப் போனால் எல்லோரும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைப் பார்ப்பார்கள். எனக்கு ஒரு கெட்ட பழக்கம், முதலில் கீழே இருக்கும் அட்டையைப் படிப்பேன். என்ன பொருள், எந்த நூற்றாண்டு, என்ன உலோகம், யார் கொடுத்த நன்கொடை, எல்லாம் தெளிவாக இருக்கும். எங்கே கிடைத்தது என்ற இடத்துக்கு வந்ததும் வார்த்தை தடுமாறும். 'கிழக்கு மத்தியதரைக் கடல் பகுதியாக இருக்கலாம்' என்று போட்டிருப்பீர்கள். அந்தப் பகுதியில் எத்தனை நாடு இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தீர்களா? ஒரு மோதிரம் எந்தக் காலத்தது என்று ஐம்பது வருட வித்தியாசத்துக்குள் சொல்லத் தெரிந்த உங்களுக்கு, அது எந்த நாட்டு மண்ணிலிருந்து வந்தது என்று மட்டும் சொல்லத் தெரியாமல் போகிறது.

ஏலப் பட்டியல்களும் இதே கதைதான். பொழுது போகாத நேரத்தில் இணையத்தில் புரட்டிக்கொண்டிருப்பேன். ஒரு குடுவைக்கு எட்டுப் படம் போடுவீர்கள், மேலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று, கைப்பிடி விரிசலைப் பெரிதாக்கி ஒன்று. அதன் முன்கதை மட்டும் ஒன்றரை வரியில் முடிந்துவிடும்: 'ஐரோப்பியத் தனியார் சேகரிப்பு, 1960களில் பெறப்பட்டது, பின்னர் வாரிசுகள் வழியாக.' யார் அந்த ஐரோப்பியர்? பத்து வருடமும் வாங்கிக்கொண்டே இருந்தாரா? யாரிடம்? ரசீது எங்கே? ஒரு துண்டு நிலம் வாங்குகிறவன்கூடத் தாய்ப்பத்திரம் இல்லாமல் முன்பணம் கொடுக்க மாட்டான், நீங்கள் கோடிக்கணக்கில் கொடுக்கிறீர்கள்.

நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்று. கோப்பையைக் காட்டுகிறீர்கள், அழகாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. அதை வாங்கியபோது ரசீதும் கடிதமும் சேர்த்துப் போட்ட கோப்பையும் காட்டுங்கள். தமிழில் இரண்டுக்கும் ஓரெழுத்துதான் வித்தியாசம், உங்களிடம் அது மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசமாக இருக்கிறது.

அதென்ன எல்லாப் பொருளும் 1960களிலேயே கைமாறியிருக்கிறது என்று இந்த விஷயம் புதிதாகக் கேட்பவர்களுக்குத் தோன்றும். காரணம் எளிது. பண்பாட்டுச் சொத்துகளைத் திருட்டுத்தனமாக ஏற்றுமதி, இறக்குமதி செய்வதைத் தடுக்க யுனெஸ்கோ 1970இல் ஓர் ஒப்பந்தம் கொண்டுவந்தது. பெரிய சந்தைகள் உள்ள நாடுகள் சேர்வதற்கே ஆடி அசைந்து வந்தன, அமெரிக்கா 1983, பிரிட்டன் 2002, சுவிட்சர்லாந்து 2003. ஆனாலும் காலப்போக்கில் 1970 என்பது ஒரு கோடாக நிலைத்துவிட்டது. அதற்கு முன்பே சொந்த நாட்டைவிட்டு வெளியே வந்த பொருள் என்றால் பரவாயில்லை, அப்புறம் வந்தது என்றால் கேள்வி வரும். கோடு போட்டதும் என்ன ஆகும்? பொருள் எப்போது வெளியே வந்திருந்தாலும் காகிதம் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொள்ளும். அவ்வளவுதான் நடந்தது.

இதற்கு நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் கதையை விடச் சிறந்த உதாரணம் கிடையாது. 1972இல் அவர்கள் ஒரு கிரேக்க ஜாடி வாங்கினார்கள், மதுவையும் நீரையும் கலக்கும் பெரிய ஜாடி, யூஃப்ரோனியோஸ் என்ற ஓவியர் ஏறத்தாழ 2,500 வருடங்களுக்கு முன் வரைந்தது. கிரேக்கப் புராணத்தில் போரில் செத்த சார்ப்பிடான் என்ற வீரனின் உடலை, உறக்கம், மரணம் என்ற இரு தேவதைகள் இரு பக்கமும் நின்று தூக்குகிற காட்சி. விலை பத்து லட்சம் டாலர், அன்றைக்கு ஒரு பழங்காலப் பானைக்கு யாரும் கேள்விப்படாத தொகை. விற்றவர் சொன்ன கதைப்படி, பெய்ரூட்டில் ஒரு குடும்பத்திடம் 1920 முதல் அது துண்டு துண்டாகக் கிடந்தது. உண்மையில் வாங்குவதற்கு முந்தைய வருடம்தான் ரோமுக்கு வடக்கே செர்வெத்தேரியில் ஒரு கல்லறையை இரவோடிரவாகத் தோண்டி எடுத்திருந்தார்கள்.

அன்றைக்கே பத்திரிகைகள் சந்தேகம் கிளப்பின. சந்தேகத்தை வைத்து என்ன செய்வது? இருபது வருடத்துக்கு மேல் அது அப்படியே நின்றது. அப்புறம் 1995 செப்டம்பரில் ஜெனீவாவின் தீர்வையில்லாக் கிடங்கில் ஜாக்கமோ மெதிச்சி என்ற வியாபாரியின் அறைகளைப் போலீஸ் திறந்தது. உள்ளே பொருள்கள் ஒரு பக்கம், அவற்றைவிட மதிப்பான ஆல்பங்கள் இன்னொரு பக்கம், ஆயிரக்கணக்கில் போலராய்ட் படங்கள், எடுத்த உடனே கேமராவிலிருந்தே அச்சாகி வெளிவருகிற வகை.

அந்தப் படங்களில் சிலவற்றை நான் பலமுறை உற்றுப் பார்த்திருக்கிறேன். ஒரு படத்தில் குடுவை பழைய செய்தித்தாளின் மேல் கிடக்கும், பாதி உடைந்து, வாய்க்குள் மண் அடைத்துக்கொண்டு. அடுத்த படத்தில் துண்டுகள் ஒட்டப்பட்டிருக்கும், ஒட்டிய கோடு தெரியும். அதற்கடுத்ததில் விரிசலே காணோம், பளபளவென்று இருக்கும். கடைசியில் அதே குடுவை ஏதோ ஒரு பெரிய அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள். அந்த ஜாடிக்குப் பக்கத்திலேயே மெதிச்சி நின்று எடுத்துக்கொண்ட படமும் இருக்கிறது, மீன்பிடிக்கப் போனவன் பெரிய மீனோடு நிற்பானே, அப்படி. ஏன் போலராய்ட் என்றால், படச்சுருளைக் கழுவ ஸ்டுடியோவில் கொடுக்க வேண்டாம், வெளியாள் கண்ணில் படாது. அந்த எச்சரிக்கையே வினையானது பாருங்கள். போலராய்டில் எஸ்எக்ஸ்-70 என்ற வகை சந்தைக்கு வந்ததே 1972இல்தான். அந்த வகைப் படத்தில் மண்ணோடு கிடக்கும் ஒரு பொருள், தாத்தா காலத்திலேயே ஜூரிச்சுக்கு வந்துவிட்டது என்று எவ்வளவு நல்ல காகிதத்தில் எழுதினாலும் எடுபடாது.

மெதிச்சிக்கு 2004இல் இத்தாலிய நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. ஜாடி 2008இல் இத்தாலிக்குத் திரும்பியது. லாஸ் ஏஞ்சலஸின் கெட்டி அருங்காட்சியகம் 2007இல் 40 பொருள்களைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது, அதில் 1 கோடியே 80 லட்சம் டாலர் கொடுத்து வாங்கிய, சிசிலித் தீவின் மோர்காந்தினாவைச் சேர்ந்த பெண் தெய்வச் சிலையும் ஒன்று.

சரி, நீதி கிடைத்துவிட்டது என்று கை தட்டலாம். எனக்கு ஒரு விஷயம்தான் உறுத்துகிறது. இவை ஏன் திரும்பின? களவாணியே படம் எடுத்து ஆல்பம் போட்டு வைத்திருந்ததால் திரும்பின. அவன் கொஞ்சம் சோம்பேறியாக இருந்திருந்தால்?

திரும்பிய பொருள்களின் கதைகளை வரிசையாகப் படித்தால் ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு குருட்டு அதிர்ஷ்டம் இருக்கும். கம்போடியாவில் கோ கெர் என்ற இடத்தில், பத்தாம் நூற்றாண்டுக் கோயிலில், பீமனும் துரியோதனனும் கதாயுதப் போர் செய்கிற காட்சியை முழு உருவச் சிற்பங்களாக நிறுத்தியிருந்தார்கள். உள்நாட்டுப் போர்க் காலத்தில் சிலைகளைக் கணுக்காலோடு உடைத்து எடுத்துப் போய்விட்டார்கள். பீமன் கலிபோர்னியாவில் ஓர் அருங்காட்சியகத்தில் நின்றான். பக்கத்தில் மண்டியிட்டு அமர்ந்திருந்த இருவர் நியூயார்க்கில். துரியோதனன் 2011இல் ஏலத்துக்கே வந்துவிட்டான், பட்டியலின் அட்டைப்படமாக. அவனுடைய பாதங்கள் மட்டும் கோ கெரில் பீடத்தோடு மண்ணில் இருந்தன. பாதமும் காலும் பொருந்துகிறது என்று ஆய்வாளர்கள் காட்டியபின்தான் ஏலம் நின்றது, வழக்கு நடந்தது, 2014இல் அவன் வீடு திரும்பினான். திருடியவன் பீடத்தையும் சேர்த்துப் பெயர்த்திருந்தால் இன்றைக்கு அவன் யாரோ ஒருவர் வீட்டுக் கூடத்தில் நின்றிருப்பான், அட்டையில் 'தென்கிழக்கு ஆசியா' என்று போட்டிருக்கும்.

ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடுபோன நடராஜர் விஷயம் தமிழ் படிக்கிறவர்களுக்குப் பழக்கம்தான். சுபாஷ் கபூர் நியூயார்க் கடையிலிருந்து விற்றார், ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. கோப்பில் காகிதம் இல்லாமல் இல்லை. டெல்லியில் வேலை பார்த்த ஒரு சூடான் தூதரக அதிகாரி 1970 வாக்கில் வாங்கியதாக ஆவணம், அவர் குடும்பத்தின் கடிதம், எல்லாம் ஒழுங்காக இருந்தன. அந்தக் காகிதத்தின்படி சிலை டெல்லியை விட்டுப் போய் முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்க வேண்டும், ஆனால் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1994இல் எடுத்த புகைப்படத்தில் சிலை கோயிலுக்குள் நிற்கிறது. படம் வென்றது, 2014 செப்டம்பரில் சிலை இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. கபூருக்கு வேறொரு கோயிலின் சிலைத் திருட்டு வழக்கில் 2022இல் கும்பகோணம் நீதிமன்றம் பத்து வருடத் தண்டனை கொடுத்தது. இங்கேயும் யாரோ ஒருவர் வேறு காரணத்துக்காக என்றைக்கோ ஒரு படம் எடுத்து வைத்ததுதான் காப்பாற்றியது.

இப்போது என் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். கோயில் சிலைக்காவது பூசாரி உண்டு, ஊர்க்காரர்களின் நினைவு உண்டு, அதிர்ஷ்டம் இருந்தால் படம் உண்டு. நேற்றிரவு மண்ணுக்குள்ளிருந்து எடுத்த பொருளுக்கு யார் சாட்சி? அது இருப்பதே யாருக்கும் தெரியாது. காணவில்லை என்று புகார் கொடுக்க ஆள் இல்லை. அதனால்தான், 'திருட்டுப் பொருள் பட்டியலில் தேடிப் பார்த்தோம், இந்தப் பொருள் அதில் இல்லை' என்று நீங்கள் காட்டும் சான்றிதழைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. இல்லாமல்தானே இருக்கும்! இண்டர்போல் பட்டியலாகட்டும் தனியார் பட்டியலாகட்டும், பதிவான பொருள் தொலைந்தால்தான் அதில் ஏறும். கல்லறையிலிருந்து நேராக வந்தது எந்தப் பட்டியலிலும் இருக்காது. அந்தச் சான்றிதழ், பொருள் சுத்தமானது என்று சொல்லவில்லை, அதைத் தோண்டியபோது யாரும் பார்க்கவில்லை என்று மட்டும் சொல்கிறது.

ஆக, எழுதப்பட்ட ஒரே தடயம் உங்களிடம் இருப்பதுதான். யார் கொண்டுவந்தார், யார் முன்பு விற்றார், எந்தத் துறைமுகம் வழியாக வந்தது, சுங்கத்தில் என்ன பெயர் சொன்னார்கள், பழுதுபார்ப்பவர் முதலில் பெட்டியைத் திறந்தபோது எடுத்த படம். அதெல்லாம் இரும்பு அலமாரியில் பூட்டியிருக்கிறது. போலீஸ் கதவைத் தட்டினால்தான் திறக்கிறது.

திறந்தபோதெல்லாம் என்ன வந்தது என்று பார்ப்போமே. ஹாபி லாபி என்ற அமெரிக்கக் கைவினைக் கடை நிறுவனம் 2010 டிசம்பரில் 16 லட்சம் டாலருக்கு ஈராக்கியக் களிமண் பலகைகளும் முத்திரைகளும் வாங்கியது, மொத்தம் 5,500 சொச்சம். வாங்குவதற்கு முன் அவர்களே அமர்த்திய நிபுணர், இவை ஈராக்கின் தொல்லியல் களங்களில் கொள்ளை போனவையாக இருக்கலாம், ஜாக்கிரதை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அதுவும் கோப்பில் இருந்தது. அப்படியும் வாங்கினார்கள். பார்சலில் ஒட்டிய சீட்டு 'ஓடு, மாதிரி' என்கிற ரீதியில் இருந்தது. நாலாயிரம் வருடத்து எழுத்துக்குக் குளியலறை ஓட்டின் பெயர்! 2017இல் 30 லட்சம் டாலர் கட்டிவிட்டுப் பொருள்களை ஒப்படைத்தார்கள். அதே நிறுவனம் 2014இல் கில்காமேஷ் என்ற பழைய மெசபடோமியக் காவியத்தின் கனவுப் பகுதி எழுதிய ஒரு பலகையை 16,74,000 டாலருக்கு வாங்கியது. அதற்கான காகிதம், 1981இல் சான் பிரான்சிஸ்கோ ஏலம் ஒன்றில் வாங்கிய உடைசல் பெட்டியில் கிடந்தது என்றது. அந்தக் காகிதம் சோதனைக்குத் தாங்காது, பொது ஏலத்தில் காட்ட வேண்டாம் என்று முன்பு விற்ற வியாபாரியே ஏல நிறுவனத்திடம் சொன்னதாக அமெரிக்க அரசின் வழக்கு கூறுகிறது. அவர்கள் என்ன செய்தார்கள்? பொது ஏலத்தில் காட்டவில்லை, தனிப்பட்ட முறையில் விற்றார்கள். பலகை 2021இல் ஈராக்குக்குப் போய்ச் சேர்ந்தது.

எகிப்திய சவப்பெட்டி விஷயம் இதைவிடக் கூத்து. மறுபடியும் மெட்ரோபாலிட்டன்தான், 2017இல், 35 லட்சம் யூரோ. நெஜெமான்க் என்ற பூசாரியின் தங்க முலாம் பூசிய பெட்டி. ஏற்றுமதி உரிமம் பத்திரமாக இருந்தது, 1971 மே மாதத் தேதியோடு. முத்திரையில் எகிப்து அரபுக் குடியரசு என்ற பெயர். அந்த மே மாதத்தில் நாட்டின் பெயர் ஐக்கிய அரபுக் குடியரசு, பெயர் மாறியது செப்டம்பரில்தான். இதைக் கண்டுபிடிக்க எகிப்தியவியலில் பட்டம் தேவையில்லை, ஒரு பழைய நாட்காட்டி போதும். 2011 கலவர நேரத்தில் மின்யா பகுதியில் தோண்டிய பெட்டி அது. உள்ளே இருந்த உடலை வெளியே கொட்டிவிட்டார்கள், அவசரத்தில் ஒரு விரல் எலும்பு பெட்டிக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு அட்லாண்டிக்கைக் கடந்து வந்தது. ஒரு கண்காட்சியின் நாயகமாக அந்தப் பெட்டி வைக்கப்பட்டிருந்தது. 2019இல் திருப்பிக் கொடுத்தார்கள்.

நான் கேட்பது, அந்த உரிமத்தின் நகலை வாங்கிய அன்றே இணையத்தில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கெய்ரோவில் யாராவது ஒரு மாணவி ஒரு மணி நேரத்தில் சிரித்திருப்பாள். உங்கள் குழுவில் பத்து அறிஞர்கள் இருக்கலாம், வெளியே பத்தாயிரம் பேர் இருக்கிறார்கள், சம்பளம் கேட்காமல் வேலை செய்வார்கள்.

இந்த இடத்தில் நீங்கள் சொல்லப் போவது எனக்குத் தெரியும். 'நாங்கள் வாங்காவிட்டால் அது அழிந்திருக்கும், நாங்கள் காப்பாற்றுகிறோம்.' இந்த வாதத்தை நான் லேசாகத் தள்ளவில்லை. சொந்த நாட்டிலும் கிடங்குகளில் கரையான் அரிக்கிறது, காவலாளியே கூட்டுச் சேர்கிறான், அதிகாரி கையெழுத்துப் போட்டு அனுப்புகிறார், எல்லாம் உண்டு. சிரியாவின் பழைய நகரமான பால்மைராவின் தொல்பொருள்களைப் பல பத்தாண்டுகள் காத்த காலித் அல்-அசாதை 2015இல் ஐஎஸ் தீவிரவாதிகள் கொன்றே போட்டார்கள். ஆனால் நீங்கள் காப்பாற்றியது எதை? பொருளை. இழந்தது எது என்று ஒரு உதாரணம் சொல்கிறேன்.

பெரு நாட்டில் சிப்பான் என்ற இடத்தில் 1987 தொடக்கத்தில் கொள்ளையர்கள் ஒரு மண்மேட்டைக் குடைந்து மோச்சே என்ற பழைய நாகரிகத்தின் தங்கக் கல்லறை ஒன்றைக் காலி செய்தார்கள். செய்தி கேட்டு வால்டர் அல்வா என்ற தொல்லியலாளர் ஓடிப்போய் அதே மேட்டில், துப்பாக்கிக் காவலோடு, முறைப்படி தோண்டத் தொடங்கினார். இன்னொரு கல்லறை தொடப்படாமல் கிடைத்தது. அதில் இருந்தவர் கழுத்தில் நிலக்கடலை வடிவத்தில் உலோக மணிகள், பத்து தங்கம், பத்து வெள்ளி. வலது பக்கம் தங்கம், இடது பக்கம் வெள்ளி. அந்த மக்கள் உடம்பை, உலகத்தை எப்படி இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள் என்பது அந்த ஒரு வரிசையில் இருக்கிறது. கல்லறைக்கு மேலே ஒரு காவலன், அவனுக்குப் பாதங்கள் இல்லை. இடத்தைவிட்டுப் போய்விடக் கூடாது என்றோ என்னவோ. இதெல்லாம் தெரிந்தது, யாரோ ஒருவர் தூரிகையும் நூலும் வைத்து, ஒவ்வொரு மணியும் எந்தப் பக்கம் கிடந்தது என்று குறித்துக்கொண்டதால். முதல் கல்லறையிலிருந்தும் தங்கம் வெளியே வந்தது. கையில் எடுத்தால் அதே எடை, அதே பளபளப்பு. ஆனால் வலதா இடதா? போயே போய்விட்டது. இனி எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது.

அந்த மணியை நீங்கள் வெல்வெட்டில் வைத்து, ஈரப்பதம் அளந்து, நூறு வருடம் காப்பாற்றலாம்.

ஜெர்மனியின் நேப்ரா வட்டத்தகடு இன்னொன்று. 1999இல் உலோகம் தேடும் கருவியோடு திருட்டுத்தனமாகப் போன இருவர் ஒரு குன்றில் எடுத்தது. நிலாவும் நட்சத்திரங்களும் பதித்த வெண்கலத் தகடு. எடுக்கும்போதே கருவியால் இடித்து விளிம்பைச் சிதைத்தார்கள். முதல் வியாபாரி கொடுத்தது 31,000 மார்க், அப்புறம் அருங்காட்சியகங்களிடம் கேட்ட விலை அதைப்போல் இருபது மடங்குக்கும் மேல். 2002இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் வாங்குபவர் வேஷத்தில் போய்ப் பிடித்தார்கள். தோண்டியவர்கள் இடத்தைக் காட்டினார்கள், தகட்டில் ஒட்டியிருந்த மண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அத்தனைக்குப் பிறகும் சண்டை ஓயவில்லை. கூடவே கிடைத்த வாள்கள் உண்மையிலேயே அதோடு கிடந்தவைதானா, தகடு வெண்கலக் காலத்ததா அதற்குப் பிந்தியதா என்று 2020இல்கூட அறிஞர்கள் கட்டுரை எழுதிக் கட்டிப் புரண்டார்கள். பெரும்பாலோர் பழைய கணிப்பைத்தான் ஏற்கிறார்கள். ஆனாலும் ஒரு ராத்திரி வேலை இருபது வருட வாக்குவாதமாக நீண்டிருக்கிறது பாருங்கள். விலை விவரத்தையும் கவனியுங்கள், 'ஏழை தோண்டிப் பிழைக்கிறான்' என்று உருகுகிறவர்களுக்காக இது. தோண்டுகிறவன் கையில் நிற்பது எலும்புத்துண்டு, கறி இடையில் இருப்பவர்களுக்கு.

உங்களிடம் பத்திரமாக இருக்கும் என்பதையும் நான் முழுதாக நம்பத் தயாரில்லை. 2023 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அருங்காட்சியகமே சுமார் 2,000 பொருள்கள் தொலைந்தோ திருடுபோயோ சிதைந்தோ விட்டதாகச் சொல்ல வேண்டி வந்தது. செதுக்கிய ரத்தினங்கள், நகைகள், சின்னச் சின்னப் பொருள்கள். சில இணைய ஏலத்தில் சொற்ப விலைக்கு வந்திருந்தன. பல பொருள்கள் முறையாகப் பதிவேட்டில் ஏறாதவை, படம் எடுக்காதவை. அதனால்தான் எடுக்க முடிந்தது. ஒரு வெளியாள் முன்பே எச்சரித்தும் முதலில் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பதிவு இல்லாத பொருளைத் திருடுவது எவ்வளவு சுலபம் என்று அன்றைக்கு உங்களுக்கே வலித்தது இல்லையா? அதே வலிதான், தோண்டப்பட்ட குழியைப் பார்த்து நிற்கிறவர்களுக்கும்.

அடுத்த ஆட்சேபம், விற்பவரின் அந்தரங்கம். பெயர் போட்டால் திருடன் வீடு தேடி வருவான், வரிக்காரர் வருவார், குடும்பத்துக்குள் சண்டை வரும். உயிரோடிருக்கும் ஒரு பாட்டியின் வீட்டு முகவரியை நான் கேட்கவில்லை, அதைக் கறுப்பு மை பூசிவிட்டுப் போடுங்கள். வியாபாரியின் பெயருக்கு என்ன அந்தரங்கம்? கடை வைத்து விற்றவர்தானே. மெதிச்சியின் பொருள்கள் ஏல அறை வழியாகப் போனபோது அவர் பெயர் பட்டியலில் இல்லை, ஏலத்தில் வந்தது என்பதே அப்புறம் அவற்றுக்கு நல்ல முன்கதையாக ஆகிவிட்டது. திருட்டுக்கு ஞானஸ்நானம் செய்யும் இடமாக உங்கள் கூடம் இருந்திருக்கிறது. இதில் காக்க வேண்டிய அந்தரங்கம் யாருடையது?

ஒரு விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். பறிமுதலான அந்த ஆல்பங்கள் இன்றும் பொதுவெளியில் இல்லை, அரசுகளும் ஒருசில ஆய்வாளர்களும்தான் வைத்திருக்கிறார்கள். ஏலத்துக்குச் சில நாள் முன்பு 'இது மெதிச்சி ஆல்பத்தில் இருக்கிறது' என்று ஓர் ஆய்வாளர் அறிவிப்பார், நீங்கள் பொருளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, 'படங்களை எங்களிடமும் கொடுத்தால் முன்பே பார்த்திருப்போமே' என்பீர்கள். அது சரியான கேள்விதான். இத்தாலிய, கிரேக்க அதிகாரிகளே, நீங்களும் இதைப் படித்தால், ஆல்பங்களை வெளியே விடுங்கள். ஒளித்து வைத்துப் பொறி வைக்கும் காலம் போதும். ஆனால் அவர்கள் திறக்கட்டும் நாங்கள் திறக்கிறோம் என்று நீங்கள் நின்றால், இரண்டு பூட்டும் அப்படியே தொங்கும்.

சேகரிப்பாளர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மைக்கேல் ஸ்டைன்ஹார்ட் என்ற நியூயார்க் கோடீஸ்வரர் 2021 டிசம்பரில் 180 பொருள்களை ஒப்படைத்தார், மதிப்பு 7 கோடி டாலர். வாழ்நாள் முழுக்கப் பழம்பொருள் வாங்க மாட்டேன் என்று எழுதியும் கொடுத்தார். நீங்கள் அந்த அளவு பெரிய ஆள் இல்லை, இணையத்தில் ஒரு ரோமானிய மோதிரம், ஒரு முத்திரை, நாலு நாணயம், அவ்வளவுதான் என்று சொல்வீர்கள். அந்த நாலு நாணயத்துக்குத்தான் இன்றைக்குப் பெரும்பாலான குழிகள். சிரியாவின் அபமேயாவைப் போர் தொடங்கிய பின் செயற்கைக்கோளிலிருந்து எடுத்த படத்தில் பார்த்திருக்கிறீர்களா? அம்மை வந்த முகம் போல, குழிக்குப் பக்கத்தில் குழி. ஃபேஸ்புக் 2020இல்தான் பழம்பொருள் விற்பனையைத் தடை செய்தது, அதற்கு முன் குழுக்களில் தோண்டிய பொருளைக் குழியில் வைத்தே படம் எடுத்துப் போட்டு விலை பேசினார்கள். வாங்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள், 'இதற்கு முன் யாரிடம் இருந்தது, காகிதம் காட்டு' என்று. விற்பவர் கோபித்துக்கொண்டால் பதில் கிடைத்துவிட்டது.

என்ன போட வேண்டும் என்று நீங்கள் குழம்ப வேண்டாம். நீங்கள் எழுதிய ஒன்றரை வரிச் சுருக்கம் வேண்டாம், சுருக்கத்தில்தான் எல்லாம் ஒளிந்துகொள்கிறது. மூலக் காகிதங்களின் படம் வேண்டும். ரசீது, கடிதம், உறை இருந்தால் உறையும், அஞ்சல் முத்திரை தெரியும்படி. கெட்டி வாங்கிய கிரேக்க இளைஞன் சிலை நினைவிருக்கும், கூரோஸ் என்பார்களே, அதன் கோப்பில் 1952 தேதியிட்ட கடிதத்தில் 1972இல் வந்த அஞ்சல் குறியீட்டு எண் இருந்தது. 1955 தேதியிட்ட இன்னொரு கடிதத்தில் 1963இல் திறந்த வங்கிக் கணக்கு. கடிதம் எழுதியவர் தீர்க்கதரிசி போலும். சிலையே போலியா என்ற சந்தேகம் கிளம்பி, கடைசியில் அதைக் காட்சியிலிருந்தே எடுத்துவிட்டார்கள். பார்த்தீர்களா, கோப்பைத் திறப்பது உங்கள் காசையும் காப்பாற்றும். அப்புறம், பழுதுபார்க்கும் அறையில் முதல் நாள் எடுத்த படங்கள். சுரண்டிய மண்ணைக் கொட்டிவிடாதீர்கள், ஒரு சின்னக் குப்பியில் போட்டு எண் எழுதி வையுங்கள். அந்த மண்ணுக்கு ஊர் தெரியும்.

உங்களிடம் லட்சக்கணக்கில் பொருள் இருக்கிறது, எல்லாக் கோப்பையும் ஒரே நாளில் போட முடியாது என்பீர்கள். சரி. நீங்கள் கடைசியாக வாங்கியதிலிருந்து தொடங்குங்கள். அந்த ஒரு பொருளின் கோப்பை மட்டும், இந்த வாரம். அட்டையில் 'மத்தியதரைக் கடல் பகுதியாக இருக்கலாம்' என்று போட்டிருந்தால், அப்படி எழுதச் சொன்ன கடிதத்தையும் சேர்த்து.

இப்படிக்கு,
பெட்டியை விட்டுவிட்டு அட்டையைப் படிக்கிறவன்